அமெரிக்காவில் இருந்து வந்த லயனல் பொம்மை ரயிலுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர்? தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கம்ங்க. அமெரிக்காவில் இருக்கும் எங்க பெரியப்பா, என் பையனுக்குப் பழைய லயனல் (அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனி) ரயில் செட் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறார், ஓ கேஜ் என்கிற தண்டவாள அளவு, நடுவில் கரண்ட் வரும் மூன்றாவது தண்டவாளம் உள்ளது, அவ்வளவு அழகு. கூட வந்த டிரான்ஸ்ஃபார்மரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 90 வாட் என்று போட்டிருப்பதால் இன்னும் பிளக்கில் சொருகவில்லை.

காந்திபுரத்தில் ஒரு கடையில் 110 வோல்ட் ஸ்டெப் டவுன் (வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போதும் என்றார்கள். ஆனால் அது வோல்டேஜைத்தானே குறைக்கும், ஹெர்ட்ஸ் நம்ம ஊர் 50 அப்படியே இருக்குமே? 60-க்குச் செய்த கோர் (டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருக்கும் இரும்பு) 50-ல் அதிகமாகச் சூடாகும், கணக்குப்படி பார்த்தால் (120 × 50 ÷ 60) 100 வோல்ட் கொடுப்பதுதான் பொருந்தும். ஜப்பான் சாமானுக்கு வாங்கும் 100 வோல்ட் ஸ்டெப் டவுன் கோவையிலோ ஈரோட்டிலோ கிடைக்குமா?

இல்லையென்றால் கணபதிப் பக்கம் வைண்டிங் கடையில் புதிதாகவே சுற்றச் சொல்லலாமா? 230 உள்ளே, வெளியே 8 முதல் 18 வோல்ட் வரை ஏசி, வேகத்தை மாற்ற நடுநடுவே நாலைந்து டேப் (வயர் வெளியே எடுக்கும் இடம்), 5 ஆம்ப். பிரைமரி (230 பக்கம்), செகண்டரி (ரயில் பக்கம்) தனித்தனிச் சுற்று, ஃபியூஸ் கட்டாயம், குழந்தை கை வைக்கிற தண்டவாளம் பாருங்க. அதனால் வேரியாக் (ஒரே சுற்றில் வோல்டேஜை ஏற்றி இறக்கும் கருவி), டிம்மர் இவற்றை நேராகக் கொடுக்கும் யோசனை வேண்டாம், இவற்றில் அந்தத் தனித்தனிச் சுற்று இல்லை. டிசி அடாப்டரும் சரிப்படாது, இந்தச் செட்டில் ஏசியோடு கொஞ்சம் டிசி சேர்ந்தால்தான் விசில் அடிக்கும், முழுக்க டிசி கொடுத்தால் விசில் நிற்கவே நிற்காது.

இப்படிச் சுற்றிக் கொடுத்த அனுபவம் உள்ள அண்ணன்மார் யாராவது இருந்தால், கோர் சைஸ் என்ன, எவ்வளவு செலவாகும் என்று சொல்லுங்க.