ஊடக அழுத்தம் பன்னாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பை மாற்றுகிறதா?

வணிகவியல் மாணவி:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகக் கொடைக்கானல் பாதரச விவகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யூனிலீவரின் இந்திய நிறுவனம் அங்கு நடத்திவந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டதோ 2016 மார்ச்சில்தான். இடையில், 2015 ஜூலை இறுதியில், இந்த விவகாரத்தைப் பற்றிய ஒரு ராப் பாடல் காணொளி இணையத்தில் பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. அந்தப் பாடலே உடன்பாட்டைக் கொண்டுவந்தது என்று எழுதலாமா? ஊடகத்தால் நிறுவனத்தின் நடத்தை மாறுகிறதா, ஆண்டறிக்கையின் நடை மட்டும் மாறுகிறதா?

பழைய நிருபர்:
அப்படி எழுதினால் பதினைந்து ஆண்டு உழைப்பு முழுவதும் ஒரு பாட்டின் கணக்கில் போய்விடும், அம்மா. கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்மக்களும் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பினரும் 2001-இல் வெளிக்கொண்டுவந்தார்கள். செய்தி பரவிய பிறகே ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2006-இல் முன்னாள் தொழிலாளர்கள், பாதரசத்தால் பாதிக்கப்பட்டதாகக் கூறி, சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு நிலுவையில் இல்லாதிருந்தால், பாடல் எவ்வளவு பரவியிருந்தாலும் சமரசம் பேச ஒரு மேசை இருந்திருக்காது. நிலைத்த வளர்ச்சிக்கு முன்னோடி என்று 2010 முதல் உலக அரங்கில் பெயர் வாங்கியிருந்த நிறுவனத்தை, அந்தப் பெயரை வைத்தே கேள்வி கேட்டதுதான் பாடலின் பங்கு. அதுவும் சிறிய பங்கன்று.

ஏற்றுமதித் துறையிலிருந்து:
நைக்கி நிறுவனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாகிஸ்தானில் ஒரு சிறுவன் அந்நிறுவனத்தின் கால்பந்தைத் தைக்கும் படத்தை 1996-இல் லைஃப் இதழ் வெளியிட்டது. 1998-இல் அதன் தலைவர் ஃபில் நைட், தம் நிறுவனத்தின் தயாரிப்பே அடிமைக் கூலிக்கு மறுபெயராகிவிட்டதென்று மேடையில் ஒப்புக்கொண்டார். ஆனால் என் பார்வையில் பெரிய மாற்றம் 2005-இல் வந்தது: 700-க்கும் மேற்பட்ட ஒப்பந்த ஆலைகளின் பெயரும் முகவரியும் வெளியிடப்பட்டன. அதன்பின் எந்த ஊர் நிருபரும் நேரில் போய்ச் சரிபார்க்க வழி பிறந்தது. உறுதிமொழியைவிட முகவரிப் பட்டியல் மேல்.

தணிக்கையாளர்:
ஆய்வேட்டில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வையுங்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வேறொரு சட்டம் கட்டாயமாக்கிய வேலையை இந்தக் கணக்கில் காட்ட விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே, தான் கெடுத்த மண்ணைச் சுத்தம் செய்வது கடமை. பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தருவதுதான் இந்தத் தலைப்பில் வரும். பத்திரிகைகளோ இரண்டையும் ஒரே செய்திக்குறிப்பிலிருந்து எடுத்து ஒரே பத்தியில் போட்டுவிடுகின்றன.

வணிகவியல் மாணவி:
மிக்க நன்றி. அப்படியானால் ஊடகத்தின் தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

பழைய நிருபர்:
ஆலை இருந்த இடத்து மண்ணை வைத்து அளவிடுங்கள். சுத்தம் செய்தபின் ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்ற சர்ச்சை உடன்பாட்டுக்குப் பின்னும் ஓயவில்லை. 2016 மார்ச்சுக்கு முன்னும் பின்னும் வந்த செய்திகளை நூலகத்தில் எடுத்து, தொழிலாளர் இழப்பீட்டைப் பற்றியவை எத்தனை, மண்ணைப் பற்றியவை எத்தனை என்று தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.