தீம் முதல்லயா, காய் முதல்லயா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வீட்டுல விருந்துன்னா, முன்னாடி எல்லாம் நான் மெனுவுக்கு ஒரு தீம, அதாவது எல்லா ஐட்டத்தையும் சேத்து வைக்கற ஒரு கருவ, முடிவு பண்ணிட்டு தான் காய் வாங்கவே கிளம்புவேன். ஒரு தடவை வீட்டுக்கு எட்டு பேர் வராங்கன்னு அஞ்சு கோர்ஸ் (ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு பரிமாறற ஐட்டம்), "எல்லாமே சிவப்பு"ன்னு ஒரு தீம் புடிச்சேன். தக்காளி சூப்ல ஆரம்பிச்சு பீட்ரூட், சிவப்பு குடமிளகாய், கடைசியா ஸ்ட்ராபெரின்னு நோட்டுல எழுதிப் பாக்க அவ்ளோ ஆசையா இருந்துச்சு. ஆனா அது தக்காளி சீசனே இல்ல. ஆர்கானிக்னு தான் வாங்கினேன், வெட்டிப் பாத்தா உள்ள வெளிறிப் போய் நடுவுல வெள்ளையா கட்டையா இருக்கு, மூக்குகிட்ட வச்சா வாசனையே இல்ல. ஓவன்ல ஒரு மணி நேரம் வாட்டி, வெங்காயம் கூட வதக்கி என்னென்னமோ பண்ணியும் சூப்ல புளிப்பு மட்டும் தான் நின்னுச்சு. ஸ்ட்ராபெரியும் அப்படித்தான், பறிச்சதுக்கு அப்புறம் நிறம் ஏறும், இனிப்பு ஏறாது. ஆர்கானிக்ங்கறது எப்படி வளத்தாங்கன்னு சொல்லும், எப்ப பறிச்சாங்கன்னு சொல்லாதுங்க. அன்னைக்கு எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு தான் போனாங்க, எனக்கு தான் மனசு கேக்கல.

இப்ப தலைகீழா பண்றேன். என்ன காய் நல்லா வந்திருக்குன்னு பாத்து வாங்கிட்டு, வீட்டுக்கு வந்து மேசையில பரப்பி வச்சிட்டு தான் தீமே யோசிக்கறது. போன மாசம் இலையோட பீட்ரூட் கிடைச்சுது, தண்டு எல்லாம் மொடமொடன்னு. அதையே வச்சு "ஒரே செடி"ன்னு நாலு கோர்ஸ். இலைய பூண்டு போட்டு ஒரு வதக்கு, தண்ட பொடியா நறுக்கி எலுமிச்சை சாறுல ஊற வச்சு ஊறுகாய் மாதிரி, கிழங்குல பாதிய சூப், மீதிய தோலோட சுட்டு தயிர் மேல. இலைய வாங்கின உடனே வெட்டிடணும், விட்டா அது கிழங்குல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், ரெண்டு நாள்ல கிழங்கு தொளதொளன்னு ஆயிடும். வெட்டும்போது ஒரு இன்ச் தண்டு விட்டு வெட்டுங்க, வேகும்போது சாயம் தண்ணியில இறங்காது. வெந்ததும் கட்டை விரலால தள்ளினா தோல் அப்படியே சட்டை மாதிரி கழண்டு வரும், கத்தியே வேண்டாம்.

⸻

அக்கா இதே தான் எனக்கும். நான் "பச்சை"ன்னு தீம் வச்சு பட்டாணிய ரெண்டு நாள் முன்னாடியே வாங்கி வெளியவே வச்சிட்டேன், உரிச்சு வேக வச்சா மாவு மாதிரி இருக்கு. பட்டாணி, சோளம் ரெண்டுலயும் பறிச்ச நிமிஷத்துல இருந்தே சர்க்கரை ஸ்டார்ச்சா மாற ஆரம்பிச்சிடும், சூடு அதிகமா இருந்தா இன்னும் வேகமா. அதனால இப்ப அது ரெண்டும் அன்னைக்கே வாங்கறது, முடியலன்னா ஃப்ரிட்ஜ். தக்காளிக்கு நேர் எதிர், பழுக்காதத ஃப்ரிட்ஜ்ல வச்சா வாசனை போயிடும், வெளிய தான் வைக்கணும். இன்னொண்ணு, ஜில்லுன்னு குடுக்கற சூப்ப சூடா இருக்கும்போது ருசி பாத்து உப்பு போட்டுட்டு விட்டுடாதீங்க, ஆறினதும் சப்புன்னு ஆயிடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் ஒரு ஸ்பூன் குடிச்சுப் பாத்து தான் சரி பண்ணணும்.

⸻

என்னோடது கீரை கதை. மெனுல மூணாவது ஐட்டம் பச்சை இலை சாலட், ஆர்கானிக் தானேன்னு குழாய்ல சும்மா ஒரு அலசு அலசி தட்டுல போட்டுட்டேன், வந்திருந்த குழந்தை தட்டுல பச்சைப் புழு நெளியுது. அந்தக் குழந்தை அப்புறம் எதையுமே தொடல, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆர்கானிக்கும் மண்ணுல, எருவுல வளர்றது தான், அதுலயும் அனுமதிச்ச மருந்து அடிப்பாங்க, அதனால கழுவறதுல சலுகையே கிடையாது. இப்ப உப்புத் தண்ணியில பத்து நிமிஷம் ஊற விடறேன், அப்புறம் பெரிய பாத்திரத்துல போட்டு இலைய கையால மேல தூக்கி எடுக்கறேன். தண்ணிய அப்படியே வடிகட்டினா கீழ தங்கின மண்ணு திரும்ப இலை மேலயே விழும். பாத்திரத்து அடியில மண்ணு தட்டுப்படாம இருக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப பண்ணுவேன்.

அளவையும் குறைச்சிட்டேன். அஞ்சு கோர்ஸ்னா சூப் சின்ன கப்ல 150 மில்லி போதும், முன்னாடி பெரிய கிண்ணத்துல ஊத்திக் குடுத்து மூணாவது தட்டுலயே எல்லாரும் வயிறு ரொம்பி உக்காந்துட்டாங்க. அடுப்புல இருந்து நேரா வரவேண்டியது ரெண்டே ரெண்டு தான் வைக்கறேன், மத்ததெல்லாம் ஜில்லுன்னோ ஆறினதாவோ இருக்கற மாதிரி பாத்துக்கறேன், அப்ப தான் வந்தவங்களோட நானும் உக்காந்து சாப்பிட முடியுது. அடுத்த வாரம் ஆறு பேர் வராங்க, பூசணி நல்லா வந்திருக்கு. கொட்டைய வறுத்து சூப் மேல தூவலாம்னு இருக்கேன், தோல வச்சு என்ன பண்ணலாம்னு யாராவது பண்ணிப் பாத்திருந்தா சொல்லுங்களேன்.