குளிர்ல ஃபைபர் போர்டு உரிஞ்சு பாத்திருக்கீங்களா?

பெருந்துறைக்காரன்:
லடாக்ல லே பக்கம் ஒரு கேம்ப்ல சிமெண்ட் ஃபைபர் போர்டு அடிக்கப் போயிருந்தமுங்க, ஆறு பேரு, எல்லாம் ஈரோட்டுப் பக்கத்து ஆளுக, அக்டோபருக்குள்ள முடிச்சுப்போட்டு ஊருக்கு வந்துட்டோம். ஏப்ரல்ல திரும்பப் போனா தெக்குச் செவுத்துல அடிவரிசை அம்புட்டும் நனைஞ்ச நோட்டாட்ட ஏடு ஏடா விரிஞ்சு நிக்குது, வெரல உட்டா உள்ள போகுது. வடக்குச் செவுத்துல ஒரு கீறல் இல்லீங்க! வெயிலே படாம ஐஸாக் கெடந்த பக்கம் அது. அதே போர்டு, அதே ஸ்க்ரூ. காண்ட்ராக்டரு எங்க கூலில பாதியப் புடிச்சுட்டாரு.

எட்மண்டன்_நாமக்கல்:
குளிரு இல்லீங்ணா, தண்ணி செஞ்ச வேல. தெக்க பகல்ல பனி உருகி அறுத்த ஓரம் வழியா உள்ள எறங்கும், ராத்திரி ஒறையும், ஐஸானா 9 சதவீதம் பெருக்குமே, அது தெனம் ஒருக்கான்னா போர்டு என்னத்துக்கு ஆகும்? வடக்க மார்கழில ஒறஞ்சது பங்குனிலதான் எளகியிருக்கும். நான் இங்க கனடால மைனஸ் 35ல எஃப்ஆர்பி ஏணில, அதான் கண்ணாடிநாரு ஏணி, அதுல நின்னு வேல பாத்தவன், ஏணிக்கு ஒண்ணும் ஆகல, கைல இருந்த பிவிசி கிளாம்ப்தான் வறுக்கியாட்ட மளுக்குனு போச்சு, கிளவுஸுக்குள்ளயே தெரிஞ்சுது.

கோபி_சைட்:
ஏணியையும் சிமெண்ட் போர்டையும் ஒரே கயித்துல கட்டாதீங்க சாமி. அது பிசின்ல கண்ணாடி நாரு, தண்ணி குடிக்காது, இது சிமெண்டுல மரநாரு, நெம்பக் குடிக்கும். அண்டார்டிகால பிரிட்டிஷ்காரன் 2013ல தொறந்த ஹாலி 6 ஆராய்ச்சி நிலையத்துக்கு வெளித்தோலே கண்ணாடிநாரு பேனல்தான், அங்க மைனஸ் 55 வரைக்கும் எறங்கும். அதுக்குன்னு சுத்தியல்ல தட்டிப் பாக்காதீங்க, குளிர்ல பிசின் வெறச்சுக்கும், அடி பட்டா மயிர்க்கீறல் உழும். எனக்கு ஊட்டில ஒரு வீட்டுல ஓரம் லேசா ஊறுன அனுபவந்தான். ஆனா கேளுங்க, அறுத்தவொடனே ஓரத்துக்கு சீலர், தண்ணி எறங்காம அடைக்கற பூச்சு, ரெண்டு கை அடிக்கோணும், தரைய உட்டு ஒரு சாண் தூக்கோணும், பின்னால சட்டம் வெச்சுக் காத்துப்போக எடவெளி உடோணும், ஓட்டை போட்டுட்டுத்தான் ஸ்க்ரூ எறக்கோணும், வாங்கறப்பவே ஒறஞ்சு எளகற டெஸ்ட் பாஸானதான்னு சீட்டு கேக்கோணும், அப்பறம்

பெருந்துறைக்காரன்:
அண்ணா, நான் யோசன கேக்கலீங்ணா. கீழ இருக்கற ஓரம் யாரு கண்ணுக்குத் தெரியப்போகுதுன்னு ரெண்டு செவுத்துக்கும் சீலர் வேண்டாம்னு பசங்ககிட்ட சொன்னதே நாந்தான். அவனுகளுக்கும் பாதிக் கூலி போச்சே.