மாணவர் குழு அரட்டையைக் கணினியால் வகைப்படுத்த: 'சரில' ஒப்புதலா, மறுப்பா?

பாளை_ஆசிரியர்:
பாளையங்கோட்டையில் கல்லூரி வகுப்பு. தாமிரபரணி நீர்த்தரம் பற்றிய செயல்திட்டம். 12 குழு, குழுவுக்கு 5 பேர், 6 வாரம். பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில். எக்ஸ்போர்ட் பண்ணியதில் ஏறக்குறைய 9,000 செய்தி, தமிழும் தங்கிலீஷும் கலந்து. யார் எத்தனை போட்டார்னு எண்ணியாச்சு. காரணம் சொல்வது யார், மறுப்பது யார், சும்மா தலையாட்டுவது யார்னு பிரிக்கணும். எங்கே தொடங்க?

பொருநைக்கரை:
அந்த 9,000-ஐ முதலில் சந்தேகப்படுங்க. வரிவரியாகப் படிக்கும் நிரல் என்றால், ஒரே செய்தியில் நாலு வரி இருந்தால் நாலாக எண்ணியிருக்கும். தேதி இல்லாமல் தொடங்கும் வரியை முந்தைய செய்தியோடு ஒட்டுங்க. குழுவில் சேர்ந்தார், செய்தி நீக்கப்பட்டது, படம் விடுபட்டது போன்ற வரிகளைத் தூக்குங்க. பெயருக்குப் பதில் 'கு3-மா2' என்று குறி; செய்திக்குள்ளே கூப்பிடும் பெயர்களையும் எண்களையும் மறக்க வேண்டாம். எந்தச் செய்திக்குப் பதில் என்ற இணைப்பு எக்ஸ்போர்ட்டில் வராது. யார் யாரை மறுத்தார் என்பதைக் கையால்தான் குறிக்கணும்.

குறுக்குத்துறை:
மாடலுக்கு, அதாவது செய்தியைத் தானாக வகைபிரிக்கக் கற்கும் நிரலுக்கு, அவசரப்படாதீங்க அண்ணாச்சி. இணைய விவாதத்தில் அறிவு எப்படிக் கூடி உருவாகுதுன்னு பார்க்க, குணவர்தனா, லோ, ஆண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் 1997-ல் தந்த ஐந்து கட்ட முறை நல்லதுதான். ஆனா மாணவர் அரட்டையில் கடைசிக் கட்டங்கள் அபூர்வம். மாடல் கற்க மாதிரி கிடைக்காது. கருத்து, காரணம், மறுப்பு, கேள்வி, ஒப்புதல், வேலைப்பங்கீடு, வெட்டிப்பேச்சு: ஏழு போதும்.

ரெண்டு பேர் தனித்தனியாக 300 செய்திக்கு லேபிள் போட்டு, கோஹன் கப்பா பாருங்க; தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒற்றுமையைச் சொல்லும் அளவு அது, முழு ஒற்றுமைக்கு 1. வெறும் சதவீதம் ஏமாற்றும். வெட்டிப்பேச்சா இல்லையா என்ற ரெண்டே வகையில், இருவருமே 80% செய்தியை வெட்டிப்பேச்சு என்றால், தற்செயலாகவே 68% ஒத்துப்போகும். நிஜ ஒற்றுமை 80% வந்தாலும் கப்பா 0.375தான். 0.7-க்குக் கீழே இருந்தால் வகையின் வரையறையைத் திருத்தி, புதிய 300-ல் மறுபடி பாருங்க.

சாரல்_தென்காசி:
நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு குழி இருக்கு. 'சரில' என்றால் 'சரிடா'. 'சரில்ல' என்றால் தப்பு. ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ரெண்டும் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து விழும்! தனியாகப் பார்த்தால் மனுசனுக்கே தெரியாது. அதனால் முந்தைய ரெண்டு செய்தியையும் சேர்த்து மாடலுக்குக் கொடுங்க; லேபிள் போடுறவங்களும் அப்படியே பார்க்கணும்.

'பண்ணுதோம்', 'பண்றோம்' எல்லாத்தையும் திருத்திக்கிட்டு உட்கார வேண்டாம். சொல்லுக்குப் பதில் 2 முதல் 5 எழுத்துத் துண்டுகளை எடுத்து லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய வகைபிரிப்பு முறையை ஓட்டுங்க. அதுதான் ஒப்பிடுவதற்கான அடிப்படை அளவு. பிறகு கூகுளின் மியூரில் (MuRIL) என்ற மொழி மாடலை ஓட்டுங்க. ஆங்கில எழுத்தில் எழுதிய இந்திய மொழிகளிலும் பயிற்சி பெற்றது அது.

பாளை_ஆசிரியர்:
செய்திகளைக் கலக்கி, பயிற்சிக்கு 80%, சோதனைக்கு 20% எனப் பிரிக்கலாமா?

குறுக்குத்துறை:
கூடாது. ஒரே குழுவின் பேச்சு ரெண்டு பக்கமும் போனால், அந்த ஐந்து பேரின் எழுத்து வழக்கத்தையே மாடல் மனப்பாடம் பண்ணிடும். குழுவாகப் பிரிங்க: 9 பயிற்சிக்கு, 3 சோதனைக்கு. குழுவை மாற்றி மாற்றி 4 சுற்று. மறுப்பு வகையின் எஃப்1-ஐத் தனியாகப் பாருங்க; மறுப்பு என்று சொன்னதில் எத்தனை சரி, நிஜ மறுப்பில் எத்தனை பிடிபட்டது என்ற ரெண்டையும் சேர்த்த மதிப்பெண் அது. மொத்தத் துல்லியத்தை வெட்டிப்பேச்சே தூக்கிக் காட்டிடும்.