விந்தணு கவுன்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த நாள்: மும்பைத் தமிழர்கள் அனுபவத்தைச் சொல்லலாம்

செம்பூர்வாசி:

கல்யாணமாகி மூன்றரை வருடம். ஊருக்குப் போன் போட்டால் அம்மாவின் முதல் கேள்வி 'சாப்பிட்டியா', இரண்டாவது 'ஏதும் விசேஷம் உண்டா'. அதற்கு அடுத்த கேள்வி எனக்கு வராது. போனை என் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, 'நாள் தள்ளிப் போயிருக்கா' என்று கேட்பார்.

இரண்டு வருடம் எல்லா டெஸ்ட்டும் அவளுக்குத்தான். தைராய்டு, சர்க்கரை, மாதாமாதம் ஆபீஸுக்குப் போகும் முன் முட்டை வளர்ச்சி ஸ்கேன். கருக்குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரேயின்போது வலி தாங்காமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். நான் வெளியே பெஞ்சில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் டெஸ்ட் எடுக்கச் சொல்லவில்லை. நானாகவும் வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா ஃபைலை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "உங்க ரிப்போர்ட் எங்கே?" என்றார். "எந்த ரிப்போர்ட்?" என்றேன். குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும், விந்து டெஸ்ட் முதல் வாரமே எடுத்திருக்க வேண்டியது என்றார். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேபில் கொடுத்த அறை என்பது தாழ்ப்பாள் சரியில்லாத கக்கூஸ். பத்து நிமிடத்தில் கதவைத் தட்டி, "பாய், அவ்ர் கித்னா டைம்?" என்று, இன்னும் எவ்வளவு நேரம் என்ற அர்த்தத்தில், ஒருவன் கேட்டான். என்ன வரும்? வெறும் பாட்டிலோடு வெளியே வந்தேன். மறுமுறை வீட்டில் எடுத்து, சட்டைக்குள் வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சயானோடு ஆட்டோ நின்றுவிடும், அங்கிருந்து டாக்ஸி பிடித்து மாட்டுங்கா. அந்த நாற்பது நிமிடத்தில் கும்பிடாத சாமி இல்லை.

ரிப்போர்ட்டில் ஒரு மில்லிக்கு 60 லட்சம் விந்தணு என்று இருந்தது. லட்சக்கணக்கில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை 1.6 கோடி என்று அப்புறம்தான் தெரிந்தது. அசையும் அணுக்கள் 42 சதவீதமாவது வேண்டும், எனக்கு 24.

டாக்டரம்மா பயமுறுத்தவில்லை. அது பாஸ் மார்க் இல்லையாம். ஒரு வருடத்துக்குள் அப்பாவானவர்களை வைத்துப் போட்ட கணக்கில் கடைசி ஐந்து சதவீதத்தின் கோடு அது. அதற்குக் கீழே இருந்து அப்பாவானவர்களும் உண்டு. அப்புறம், "சமீபத்தில் காய்ச்சல் வந்ததா?" என்றார். ஐந்து வாரம் முன்னால்தான் டெங்குவில் படுத்து எழுந்திருந்தேன். ஓர் அணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகுமாம். இன்றைய சாம்பிளில் இருப்பது போன மாதக் காய்ச்சலில் வெந்தது, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார். இரண்டாவது ரிப்போர்ட்டில் 1.3 கோடி.

இங்கே எத்தனை பேருக்கு இந்த அனுபவம் உண்டு என்று தெரியவில்லை. எழுதுங்கள்.

தொண்ணூறடி ரோடு:

அண்ணே, நான் தாராவியில் பேக்கரி. அடுப்பு முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற ஆள். லோக்கல் ரயிலில் ஒட்டியிருக்குமே பாபா நோட்டீஸ், அந்த நம்பருக்குப் போன் போட்ட புண்ணியவான் நான்தான். கறுப்பு லேகியம், மூன்று தவணையாக 11,000 ரூபாய், பதினாலு மாதம் போச்சு. கவுன்ட் என்ன என்று கடைசி வரை அவன் கேட்கவே இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் யூராலஜி டாக்டர் என்னை நிற்க வைத்து, இருமச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் விதைக்கு மேலே ரத்தக் குழாய் புடைத்து முடிச்சாக இருக்கிறது, வேரிகோசீல். விதைப்பை உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டுமாம், அதற்காகத்தான் வெளியே தொங்குகிறது. ரத்தம் தேங்கினால் சூடு ஏறும், அதற்கு மேல் என் அடுப்புச் சூடு வேறு. ஆபரேஷன் செய்து எட்டு மாதம் ஆகிறது. கவுன்ட் ஏறியிருக்கிறது, விசேஷம் இன்னும் இல்லை.

முலுண்ட் ஆள்:

என் கதை சின்னது. ஜிம்மில் ஒரு அண்ணன் டெஸ்டோஸ்டிரான் ஊசி போட்டுவிட்டார். தோள் பெருத்தது, கவுன்ட் பூஜ்யம். ஆண்மைக்கு என்று போட்ட ஊசி. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் போதுமே என்று மூளை விதைக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடுமாம். ஊசியை விட்டு, வேறு ஊசி போட்டு, பத்து மாதம் கழித்து 90 லட்சம். யாராவது போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நான் இரண்டு மாதம் மறைத்தேன், அந்த இரண்டு மாதமும் தண்டம்.

மாட்டுங்கா லேப்காரன்:

பதினெட்டு வருடமாக இதே வேலை. கக்கூஸ் விஷயத்துக்கு எங்கள் தொழில் சார்பில் மன்னிப்பு.

வருகிறவர்கள் செய்யும் தப்புகளைச் சொல்கிறேன். கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி என்றால், 'சேர்த்து வைக்கிறேன்' என்று இருபது நாள் கழித்து வருவார்கள். எண்ணிக்கை கூடும், அசைவு படுத்துவிடும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. கடையில் வாங்கும் காண்டமிலும் கொண்டுவரக் கூடாது. ஒருவர் கல்யாணிலிருந்து ஐஸ் வைத்துக் குல்ஃபி மாதிரி கொண்டுவந்தார். குளிரில் அசைவு போய்விடும் சார் என்று திருப்பி அனுப்பினேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கொஞ்சம் சிந்திவிட்டால் சொல்லிவிடுங்கள். அணுக்கள் பெரும்பாலும் முதலில் வரும் சொட்டுகளில்தான் இருக்கும். அது தரையில் போய்விட்டு மீதி பாட்டிலுக்கு வந்தால் நான் எண்ணுவது பொய்க் கணக்கு. வெட்கப்பட்டு மறைத்துவிட்டு, குறைந்த கவுன்ட்டோடு வீட்டுக்குப் போய் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பையன், முப்பது வயது இருக்கும், ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னிடம் வந்தான். "அண்ணா, கொஞ்சம் நல்லா எழுதித் தரமுடியுமா? டாக்டருக்கு இல்லை, எங்க அம்மாவுக்குக் காட்ட" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

டோம்பிவிலி அக்கா:

ஆண்கள் பேசும் இடத்தில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் மாமியார் என்னைத் திருக்கருகாவூருக்குக் கூட்டிப்போய் நெய் மந்திரித்து வாங்கி, 48 நாள் சாப்பிட வைத்தார். அம்பாளை நான் நம்புகிறேன், இன்றைக்கும். ஆனால் நெய்யைத் தின்ற ஆள் தப்பு.

என் வீட்டுக்காரருக்குக் கவுன்ட் பூஜ்யம். பத்தொன்பது வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கீழேயும் வீங்கியிருக்கிறது. வேப்பிலை அரைத்துப் போட்டதோடு சரி, யாரிடமும் சொல்லவில்லை. விதையை வேலை செய்யச் சொல்லும் எஃப்எஸ்எச் ஹார்மோன் மிக அதிகம் என்று ரத்த ரிப்போர்ட் வந்தது. மைக்ரோஸ்கோப் வைத்து விதையைத் திறந்து தேடினார்கள். ஒன்றாவது கிடைத்தால் இக்சி முறையில் ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தலாம் என்ற நம்பிக்கை. நான்கு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

இப்போது டோனர், அதாவது வேறொருவர் தானமாகத் தரும் விந்தணு பற்றிப் பேசுகிறோம். 2021ஆம் வருடச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பிறக்கும் குழந்தை எங்கள் இருவரின் சொந்தக் குழந்தையாகத்தான் கருதப்படும் என்று டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் 'யோசிக்கிறேன்' என்றார். நானும் அவசரப்படுத்தவில்லை. ஆனால் மாமியாரிடம் இன்னும் குறை என்னிடம்தான் என்றே சொல்லி வைத்திருக்கிறோம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தொண்ணூறடி ரோடு:

அக்கா, அவரே அம்மாவிடம் சொல்லட்டும். கஷ்டம்தான், ஆனாலும்.

செம்பூர்வாசி:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். 'விசேஷம் உண்டா' என்றதும், "அம்மா, டாக்டர் இப்போ எனக்குத்தான் வைத்தியம் பார்க்கிறாங்க, அவளுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "நீயும் ஆறு வருஷம் கழிச்சுத்தான் பொறந்த. உங்க அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை" என்றார். எனக்கு இது தெரியவே தெரியாது.

லேப்கார அண்ணே, மூன்றாவது சாம்பிள் வெள்ளிக்கிழமை. மழை இப்படியே கொட்டினால் சயான் பக்கம் தண்ணீர் நிற்கும், ஒரு மணி நேரத்தில் வர முடியாது. உங்கள் லேபில் தாழ்ப்பாள் உள்ள அறை இருந்தால் தனிச் செய்தியில் விலாசம் அனுப்புங்கள்.