ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா? சிறு கடைக்கு எது தோது

ஈரோடு உறுப்பினர்:
ஷாப்பிஃபை, மாதச் சந்தாவுக்கு ஆன்லைன் கடை அமைத்துத் தரும் சேவை. வூகாமர்ஸ், நம் சொந்த வேர்ட்பிரஸ் தளத்தில் சேர்க்கும் கடை மென்பொருள். மாதச் சந்தாவை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் சேவை இந்தியாவில் கிடையாது. ரேசர்பே மாதிரி வெளி கேட்வேதான் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) இணைக்க வேண்டும். அப்படி இணைத்தால் பேசிக் திட்டத்தில் விற்பனையில் 2 சதவீதம் ஷாப்பிஃபைக்குத் தனியாகப் போகும். மாதம் 300 ஆர்டர், சராசரி 1,000 ரூபாய் என்றால் 3 லட்சம். கேட்வே 2 சதவீதம் பிடித்தால் 6,000, அதன் மேல் ஜிஎஸ்டி 1,080. ஷாப்பிஃபைக்கு இன்னொரு 6,000. சந்தா வேறு. சிஓடி (பொருள் கைக்கு வந்ததும் பணம்) ஆர்டருக்கு ஷாப்பிஃபையின் அந்த 2 சதவீதம் இல்லை. அதனால் உங்கள் விற்பனையில் சிஓடி எத்தனை பங்கு என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

மதுரை உறுப்பினர்:
கணக்கு சரிதான். ஆனால் அந்த 6,000 மிச்சம் என்று வூகாமர்ஸுக்கு வந்தால், அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் நம் தலையில். அடிக்கடி வரும் கோளாறு ஒன்று: வாடிக்கையாளர் பணம் கட்டிவிடுவார், ஆர்டர் 'பெண்டிங் பேமென்ட்' என்றே நிற்கும். பணம் வந்த செய்தியைக் கேட்வே வெப்ஹுக் (சர்வரிலிருந்து சர்வருக்குத் தானாகப் போகும் தகவல்) வழியாக அனுப்புகிறது. அதை செக்யூரிட்டி பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) தடுத்திருக்கும், அல்லது கேட்வேயிலும் கடையிலும் கொடுத்த சீக்ரெட் (ரகசியக் குறிச்சொல்) பொருந்தாது. பணம் வராத ஆர்டருக்குச் சரக்கைப் பிடித்து வைக்கும் 'ஹோல்ட் ஸ்டாக்' நேரம் இயல்பாக 60 நிமிடம். அது கடந்ததும் ஆர்டர் தானாக ரத்தாகி, சரக்கு மறுபடி விற்பனைக்கு வந்துவிடும். ஒற்றைப் புடவையாக விற்கிற கடையில், காசு கொடுத்தவர் ஒருவர், புடவை இன்னொருவருக்கு. கடை திறக்கும் முன் நிஜமாக 1 ரூபாய் கட்டி, பணம் கட்டியதும் பிரவுசரை மூடிவிட்டு, ஆர்டர் 'பிராசஸிங்' ஆகிறதா என்று பாருங்கள்.

கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கங்களையும் கேஷிலிருந்து (சேமித்து வைத்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டும் வசதி) விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவரின் விவரம் இன்னொருவர் திரையில் தெரியலாம்.

ஈரோடு உறுப்பினர்:
அந்த 1 ரூபாய் சோதனை முக்கியம். டபிள்யூபி-கிரானையும் (நேரம் வைத்த வேலைகளை ஓட்டும் வேர்ட்பிரஸ் வசதி) சேர்த்துக்கொள்ளுங்கள்: தளத்துக்கு யாராவது வந்தால்தான் அது ஓடும். அதை நிறுத்திவிட்டு, சர்வரே 5 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த வேலைகளை ஓட்டும்படி ஒரு கிரான் ஜாப் வையுங்கள்.

தஞ்சாவூர் உறுப்பினர்:
தமிழில் கடை நடத்துகிறவர்களுக்கு வூகாமர்ஸில் இரண்டு இடத்தில் இடறும். பொருள் பக்கத்தின் இணைய முகவரியில் வரும் பெயருக்கு (ஸ்லக்) வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 எழுத்திடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் ('கா' என்றால் க, துணைக்கால் என இரண்டு) அங்கே 9 இடம் பிடிக்கும். 'காஞ்சிபுரம்' மட்டுமே 99. இரண்டு மூன்று சொல்லிலேயே பெயர் துண்டாகும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஸ்லக்கை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். அடுத்தது பில்: டாம்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருள் வழியாக வரும் பில்லில் 'கொ', 'கை' போன்றவற்றில் கொம்பு இடம் மாறி விழும். அதற்குப் பதில் எம்பிடிஎஃப் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் பிளகினைத் தேடுங்கள்.

ஷாப்பிஃபையிலிருந்து மாறுகிறவர்கள்: அங்கே இறக்கிய பொருள் பட்டியல் கோப்பை (சிஎஸ்வி) வூகாமர்ஸில் அப்படியே ஏற்றாதீர்கள். அங்கே ஒரே 'ஹேண்டில்' (பொருளின் அடையாளப் பெயர்) உள்ள வரிசைகள் ஒரு பொருளின் வகைகள். வூகாமர்ஸுக்கு 'டைப்', 'பேரண்ட்' பத்திகள் வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு அளவும் தனிப் பொருளாக இறங்கும். வாடிக்கையாளர் பாஸ்வேர்டு வராது. ரீசெட் மெயில் அனுப்ப வேண்டும். பழைய முகவரியில் 'புராடக்ட்ஸ்', புதியதில் 'புராடக்ட்': ஒவ்வொன்றுக்கும் 301 (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் அமைப்பு) போடுங்கள். சிஎஸ்வியில் இருப்பது படம் அல்ல, படத்தின் இணைப்புதான். எல்லாப் படமும் உங்கள் மீடியா லைப்ரரியில் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே பழைய கடையை மூடுங்கள்.