குளச்சல் வெற்றித்தூணும் டி லனாய் கல்லறையும்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை பார்த்துவிட்டு மதியமே பஸ் ஏறிவிடுகிறார்கள். முடிந்தால் இன்னொரு நாள் தங்குங்கள். குளச்சல், உதயகிரிக் கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை மூன்றையும் இதே வரிசையில் பாருங்கள். டி லனாய் என்ற ஒரே மனிதரின் கதை மூன்று இடத்திலும் தொடர்ந்து வரும்.

குளச்சல் பழைய துறைமுகம். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை 1741 ஆகஸ்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தோற்கடித்த இடம். அதன் நினைவாக அங்கே ஒரு வெற்றித்தூண் இருக்கிறது. சும்மா பார்த்தால் வெறும் கல்தூண்தான். நான் போனபோது கடற்கரையில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர், "எந்த ஊரு மக்கா?" என்று பேச்சை ஆரம்பித்தார். மாட்டுவண்டியில் பனந்தடிகளை ஏற்றி, பீரங்கி மாதிரி கடலைப் பார்த்து நிறுத்தி டச்சுக்காரர்களை மிரட்டிய கதையைச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக அங்கே சொல்லிவரும் கதை அது. "மகாராஜா ஜெயிச்சாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கரையில நின்னது எங்க ஆளுங்கதான்" என்றபோது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தப் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரிதான் டி லனாய். அப்புறம் அதே ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்து, படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, தளபதியாகவே உயர்ந்தார். 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) என்பது ஊர் அவருக்கு வைத்த பெயர். புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையை அவர்தான் பலப்படுத்தினார். பீரங்கி வார்க்கும் பட்டறையும் அதற்குள்ளே இருந்தது. இப்போது கோட்டைக்குள் வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். கூரை இல்லாத பழைய தேவாலயத்துக்குள் போய் அவருடைய கல்லறையைப் பாருங்கள். 1777-இல் இறந்தவரின் கல்லில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. எதிரியாக வந்து இறங்கிய ஒருவருக்கு இந்த மண் தன் எழுத்தில் கல்வெட்டு வைத்திருப்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. தயவுசெய்து அந்தச் சுவர்களில் பெயர் கிறுக்காதீர்கள்.

கடைசியாக அரண்மனை. தக்கலையிலிருந்து பக்கம்தான். டி லனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கிறது. கல்லறையைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த ஓவியத்தை எளிதில் கடந்து போக முடியாது. அரண்மனை கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.